ஒன்று முதல் எழுபது வரை: காசுக்கு மதிப்பெண் வந்த வரலாறு

ஒரே நாணயச்சாலையில், ஒரே நாளில், ஒரே அச்சில் அடிக்கப்பட்ட இரண்டு வெள்ளிக் காசுகள் உங்கள் முன்னே இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஒரே எடை, ஒரே விட்டம், ஒரே உலோகம். வெறுங்கண்ணுக்கு அவை இரட்டைப் பிள்ளைகளைப்போலவே தோன்றும். ஆனால் சந்தையில் ஒன்றின் விலை மற்றொன்றைப்போல் பல மடங்காக இருக்கலாம். காரணம் என்ன? இரண்டும் தனித்தனியே ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் உறையில் அடைக்கப்பட்டிருக்கின்றன. ஓர் உறையின் சீட்டில் 69 என்றும், மற்றதன் சீட்டில் 70 என்றும் அச்சிட்டிருக்கிறது. வேறுபாடு அவ்வளவுதான்!

ஒரு மதிப்பெண்ணில் கல்லூரி இடத்தைத் தவறவிட்டவர்களை நாம் அறிவோம். ஆகவே ஓர் எண் ஒருவருடைய நிலையை மாற்றிவிடும் என்பது நமக்குப் புதிய செய்தியன்று. ஆனால் உயிரற்ற காசுக்கு யார் தேர்வு வைத்தார்கள்? எழுபது என்ற விந்தையான முழு மதிப்பெண் எங்கிருந்து வந்தது? ஒரு மதிப்பெண்ணுக்கு இத்தனை டாலர் என்பதை எது முடிவு செய்கிறது? அமெரிக்க ஐக்கிய நாட்டில் வளர்ந்து உலகெங்கும் பரவிவிட்ட இந்த வழக்கத்தின் வரலாற்றைப் பார்த்தால், காசைப் பற்றி மட்டுமல்லாமல், அளவிடுதல் என்னும் செயலைப் பற்றியும் சில உண்மைகள் விளங்கும்.

மூன்று மதிப்புகள்

எந்தக் காசுக்கும் மூன்று மதிப்புகள் உண்டு. முதலாவது, அதன்மேல் அரசு பொறித்த முகமதிப்பு. இரண்டாவது, உருக்கினால் கிடைக்கும் உலோகத்தின் மதிப்பு. மூன்றாவது, அதைச் சேர்த்து வைக்க விரும்புவோர் தரும் விலை. முதலிரண்டையும் கணக்கிடுவது எளிது. பொற்கொல்லர் உரைகல்லில் தேய்த்துப் பார்த்து, மாற்று இவ்வளவு என்று சொல்லிவிடுவார். பத்தரை மாற்றுத் தங்கம் என்று நாம் சொல்வதும் ஒரு தர எண்தான். அதற்கு அடிப்படை பொன்னின் தூய்மை. தூய்மையைச் சோதித்தறிய வழி உண்டு.

மூன்றாவது மதிப்புக்கு உரைகல் கிடையாது. காசு எவ்வளவு தேய்ந்திருக்கிறது, எவ்வளவு பளபளக்கிறது, எத்தனை கீறல் விழுந்திருக்கிறது என்பதையெல்லாம் கண்தான் பார்த்துச் சொல்லவேண்டும். நெடுங்காலம் சேகரிப்போர் 'நல்லது', 'மிக நல்லது', 'புழங்காதது' என்ற சொற்களையே பயன்படுத்தினார்கள். விற்பவர் 'மிக நல்லது' என்பார். அதே காசை அவரிடம் திருப்பி விற்கப்போனால் 'நல்லது' என்பார். சொல் மாறியதும் விலையும் மாறிவிடும். எண் இருந்தால் இந்தத் தொல்லை தீரும் என்று சிலர் நினைத்ததில் வியப்பில்லை.

எண் பிறந்தது

1949-ஆம் ஆண்டில் வில்லியம் ஷெல்டன் என்ற உளவியல் அறிஞர், பழைய அமெரிக்கச் செம்புக் காசுகளைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். மனிதர்களின் உடலமைப்பை எண்களால் வகைப்படுத்த முயன்று பெயர் பெற்றவர் அவர். காசுகளையும் அவ்வாறே எண்ணால் வகைப்படுத்தினார். 1794-ஆம் ஆண்டின் ஒரு செம்புக் காசை எடுத்துக்கொண்டார். இன்ன காசு என்று அடையாளம் காணும் அளவுக்கு மட்டும் தேய்ந்து கிடந்தால் அதன் விலை ஒரு டாலர். குறையே இல்லாத நிலையில் இருந்தால் எழுபது டாலர். ஆகவே மிகத் தாழ்ந்த நிலைக்கு 1, மிக உயர்ந்த நிலைக்கு 70. இடைப்பட்ட நிலைகளுக்கு இடைப்பட்ட எண்கள்.

இதில் நாம் உற்றுநோக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. ஷெல்டனின் எண் ஒரு நீளத்தையோ, கடினத்தையோ, ஒளிச்செறிவையோ குறிக்கவில்லை. அது விலையையே குறித்தது. தர எண்ணை அடிப்படை விலையால் பெருக்கினால் சந்தை விலை வந்துவிடும் என்பதே அவர் கருத்து. சில ஆண்டுகளிலேயே உயர்ந்த நிலைக் காசுகளின் விலை தாறுமாறாக ஏறியது; பெருக்கல் வாய்பாடு பொய்த்துப் போயிற்று. ஆனால் எண்கள் மட்டும் நிலைத்துவிட்டன. விலையிலிருந்து பிறந்த எண், விலையோடு கொண்ட உறவை இழந்து, தரத்தின் பெயராயிற்று. பின்னாளில் அதே எண் விலையைத் தீர்மானிக்கும் தலைவனாகவும் ஆயிற்று!

இயற்பியல் மாணவர்களுக்கு இதைப்போன்ற ஓர் அளவு நன்றாகத் தெரியும். 1812-இல் மோஸ் என்பார் கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை வரிசைப்படுத்தினார். அதில் குருந்தம் 9, வைரம் 10. அதனால் வைரம் குருந்தத்தைவிட ஒன்பதில் ஒரு பங்கு மட்டுமே கூடுதல் கடினமானது என்று கொள்ளலாமா? கூடாது. நேரடியாக அளந்தால் வைரம் குருந்தத்தைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு கடினமானது. மோஸ் எண் வரிசையைச் சொல்லும், இடைவெளியைச் சொல்லாது. காசின் தர எண்ணும் இப்படிப்பட்டதே. 69-க்கும் 70-க்கும் உள்ள தொலைவு, 40-க்கும் 41-க்கும் உள்ள தொலைவன்று.

ஷெல்டனைப் பற்றி இன்னொரு செய்தி. அவர் 1977-இல் காலமானார். அமெரிக்க நாணயவியல் சங்கத்தின் சேகரிப்பிலிருந்து சிறந்த செம்புக் காசுகளை எடுத்துக்கொண்டு, அவற்றின் இடத்தில் தரம் குறைந்தவற்றை அவர் வைத்திருந்தார் என்பது அவர் மறைவுக்குப் பிறகு வெளிப்பட்டது. வழக்கு நீதிமன்றம் சென்று, சங்கத்துக்குச் சாதகமாக முடிந்தது. தமிழில் நாணயம் என்ற சொல்லுக்குக் காசு என்றும் நேர்மை என்றும் இரு பொருள் உண்டு. இரண்டும் எப்போதும் ஒரே கையில் இருப்பதில்லை.

வெள்ளி விடைபெற்றது

'நவீனக் காசு' என்பதற்குப் பொதுவாக 1965-ஐ எல்லையாகக் கொள்கிறார்கள். 1964 வரை அமெரிக்கக் கால் டாலர் காசில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு வெள்ளி இருந்தது, எடை 6.25 கிராம். வெள்ளியின் விலை ஏறவே, 1965-ஆம் ஆண்டுச் சட்டம் அதை நீக்கிவிட்டது. புதிய காசு நடுவில் செம்பும், இரு பக்கமும் செம்பு-நிக்கல் கலவையும் கொண்ட அடுக்கு, எடை 5.67 கிராம்.

பழைய காசின் உலோக மதிப்பு என்ன பாடுபட்டது என்பதை ஒரு கணக்கால் காணலாம். 1964-ஆம் ஆண்டுக் கால் டாலரில் சுமார் 0.18 டிராய் அவுன்ஸ் வெள்ளி உண்டு. 1980 ஜனவரியில் வெள்ளி விலை அவுன்ஸுக்கு 50 டாலரை நெருங்கியது. அப்போது அந்தக் காசின் உலோகம் மட்டும் ஒன்பது டாலர் பெறும். அதே ஆண்டு மார்ச் இறுதியில் விலை 11 டாலருக்குக் கீழே விழுந்தது. காசின் மதிப்பும் இரண்டு டாலருக்குக் கீழே வந்தது. இந்த ஏற்றத்தின்போது ஏராளமான வெள்ளிக் காசுகள் உலையில் உருகி மறைந்தன. எத்தனை அடித்தார்கள் என்ற கணக்கு ஏட்டில் இருக்கும். எத்தனை மிஞ்சின என்ற கணக்கோ எவரிடமும் இல்லை.

1965-க்குப் பின் வந்த காசுகளுக்கு இந்த உலோக அடித்தளம் மிகச் சிறியது. கால் டாலரில் உள்ள செம்பும் நிக்கலும் எவரையும் செல்வராக்கா. அப்படியானால் அவற்றின் சேகரிப்பு விலை எதன்மேல் நிற்கிறது? அருமையின்மேல் என்பீர்கள். அங்கும் ஒரு சிக்கல் உண்டு. 1950-இல் டென்வர் நாணயச்சாலை அடித்த ஐந்து சென்ட் காசுகள் 26,30,030 மட்டுமே. அந்த வரிசையிலேயே மிகக் குறைந்த எண்ணிக்கை. செய்தி பரவியதும் மக்கள் அவற்றைக் கட்டுக்கட்டாக வாங்கிப் பூட்டி வைத்தார்கள். 1960-களின் முற்பகுதியில் விலை உச்சத்துக்குப் போய்ப் பிறகு சரிந்தது. ஏனென்றால் அடித்தவை குறைவானாலும், புத்தம்புதிதாக மிஞ்சியவை ஏராளம்! எல்லாரும் பாதுகாக்கும் பொருள் அரிய பொருளாவதில்லை.

எனவே எண்ணிக்கையால் அருமை காட்ட முடியாத காசுகளில், தரத்தால் அருமை தேடும் முயற்சி தொடங்கிற்று. கோடிக்கணக்கில் கிடைக்கும் காசிலும் குறையே இல்லாத காசு மிகச் சிலவே இருக்கலாம் அல்லவா?

உறை வந்தது, பங்குச்சந்தை வந்தது

அமெரிக்க நாணயவியல் கழகம் 1972-இல் போலிகளைக் கண்டறியும் பணியைத் தொடங்கியது. 1979-இல் தரமிடவும் தொடங்கியது. ஆனால் பெரிய மாற்றம் 1986-இல் நிகழ்ந்தது. கலிஃபோர்னியாவில் வணிகர் சிலர் சேர்ந்து நிறுவிய பி.சி.ஜி.எஸ். என்ற நிறுவனம் அவ்வாண்டு வேலை தொடங்கியது. அடுத்த ஆண்டு என்.ஜி.சி. என்ற நிறுவனம் வந்தது. இவை காசை விற்பதில்லை. தரமிடுவது மட்டுமே தொழில். ஒருவருக்கு மேற்பட்ட வல்லுநர்கள் தனித்தனியே பார்த்து எண் தருவார்கள். பிறகு காசைக் கெட்டியான பிளாஸ்டிக் உறையில் வைத்து, மீயொலி அதிர்வால் விளிம்பை உருக்கி ஒட்டிவிடுவார்கள். உறையை உடைக்காமல் காசை மாற்ற முடியாது. தரம் தவறு என்று தெரிந்தால் இழப்பீடும் உண்டு. புழங்காத காசுகளுக்கு மட்டும் 60 முதல் 70 வரை பதினொரு படிகள்.

இதற்கு ஒரு தேவை இருந்தது. 1980-களில் தொலைபேசி வழியே காசு விற்ற சிலர், மட்டமான காசுகளை உயர்ந்த தரம் என்று சொல்லி, முதியோரின் சேமிப்பைக் கரைத்தார்கள். அமெரிக்க அரசின் வணிக ஆணையம் பலர்மீது வழக்குத் தொடர வேண்டியதாயிற்று. நடுநிலையாளர் ஒருவர் தரும் எண் அந்த ஏமாற்றைக் குறைத்தது என்பதை மறுக்க முடியாது.

ஆனால் ஒரு கதவை அடைத்தால் மற்றொன்று திறக்கிறது. காசைக் கண்ணால் பாராமலே, எண்ணை மட்டும் கேட்டு வாங்கும் வழக்கம் வந்தது. அவ்வாறாயின் காசும் பங்குப் பத்திரமும் ஒன்றுதானே! நியூயார்க்கின் பெரிய முதலீட்டு நிறுவனங்கள் காசு நிதிகளைத் தொடங்கின. விலைகள் விண்ணை நோக்கிப் பறந்து, 1989-இல் உச்சம் தொட்டு, அதன்பின் சரிந்தன. எண் மாறவில்லை, உறை உடையவில்லை, காசில் ஒரு கீறலும் கூடவில்லை. வாங்க வந்த கூட்டம் மட்டும் கலைந்துவிட்டது. தர எண் காசின் நிலைக்குத்தான் சான்று. விலைக்கு அது சான்றன்று என்பதை அந்த ஆண்டு பலருக்குக் கற்பித்தது.

வல்லுநர் எதைப் பார்க்கிறார்?

இனி, அந்த எண்ணுக்குப் பின்னால் உள்ள இயற்பியலைச் சற்று காண்போம்.

முதலில் அடிப்பு. உலோக வில்லையை இரு அச்சுகளுக்கிடையே வைத்து அழுத்தும்போது, திண்ம உலோகம் ஒரு தடித்த பாகைப்போல ஓடி அச்சின் பள்ளங்களை நிரப்புகிறது. அழுத்தம் போதாவிட்டாலும், அச்சு தேய்ந்திருந்தாலும் நுண்ணிய பகுதிகள் நிரம்புவதில்லை. 1948 முதல் 1963 வரை வந்த ஃபிராங்க்ளின் அரை டாலரின் பின்புறத்தில் ஒரு மணியும், அதன் அடியில் மெல்லிய கோடுகளும் உண்டு. 1953-இல் சான்ஃபிரான்சிஸ்கோவில் நாற்பத்தொரு லட்சத்துக்கும் மேல் அடிக்கப்பட்டன. ஆனால் அவற்றுள் அந்தக் கோடுகள் முழுமையாக விழுந்தவை மிகமிகச் சில. சாதாரணக் காசு உலோக விலையை ஒட்டி நிற்க, கோடு முழுமையாக உள்ள உயர்தரக் காசு பல ஆயிரம் டாலர் பெறுகிறது.

அடுத்து ஒளிர்வு. உலோகம் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி ஓடும்போது அச்சின் பரப்பில் ஆரை வழியே நுண்கோடுகள் அரிக்கப்படுகின்றன. அந்த அச்சு அடிக்கும் காசுகளிலும் அக்கோடுகள் பதிகின்றன. காசைச் சாய்த்துத் திருப்பினால் அவற்றில் பட்ட ஒளி, சக்கரத்தின் ஆரங்களைப்போலச் சுழல்கிறது. புழங்காத காசுக்கே உரிய அழகு இது. இரண்டு விரல்களால் சற்றே தேய்த்தாலும் இக்கோடுகளின் முகடுகள் மழுங்கிவிடும். மழுங்கியதை எந்த மெருகாலும் மீட்க முடியாது. ஆகவேதான் காசைத் தேய்த்துக் கழுவுவது பெரும்பிழை. புளி போட்டு விளக்கிய குத்துவிளக்கு நமக்கு அழகு. அவ்வாறு விளக்கிய காசு சேகரிப்போருக்குக் குப்பை.

மூன்றாவது, மோதல் தழும்பு. சாதாரணக் காசுகள் அடித்தவுடன் தொட்டியில் விழுந்து ஒன்றோடொன்று மோதுகின்றன. எடை மிகுந்த காசின் மோதல் ஆற்றல் மிகுதி, தழும்பும் மிகுதி. அதனால்தான் பெரிய வெள்ளி டாலரில் தழும்பில்லாத முகத்தைக் காண்பது அரிது. சின்னப் பத்து சென்ட் காசில் எளிது. தழும்பு எங்கே விழுந்தது என்பதும் கணக்கில் சேரும். கன்னத்தில் விழுந்த கீறல், தலைமுடியில் விழுந்த கீறலைவிட அதிக மதிப்பெண்ணைக் குறைக்கும்.

சேகரிப்போருக்கென்றே அடிக்கப்படும் 'ப்ரூஃப்' காசுகளுக்கு இத்தொல்லை குறைவு. மெருகிட்ட வில்லையை மெருகிட்ட அச்சால் ஒருமுறைக்கு மேல் அடித்து, ஒவ்வொன்றாகக் கையாள்கிறார்கள். அச்சின் உருவப் பகுதியை மட்டும் சொரசொரப்பாக்குகிறார்கள். சமதளம் கண்ணாடிபோல ஒழுங்காக எதிரொளிக்கும்; உருவம் ஒளியைச் சிதறடித்து வெண்மையாகத் தோன்றும். கறுத்த ஆடியில் வெண்பனி உருவம் நிற்பது போன்ற இந்த வேறுபாடு எவ்வளவு கூர்மையோ அவ்வளவு விலை.

இங்கேதான் நவீனக் காசுக்குரிய முரண்பாடு பிறக்கிறது. நூறாண்டுக்கு முந்தைய காசு 65 பெற்றால் பெருமை. இன்றைய ப்ரூஃப் காசு 69 பெறுவது இயல்பு. நாணயச்சாலையின் தொழில்நுட்பம் வளர வளர, குறையின்மை மலிவாகிறது. எல்லாரும் தொண்ணூற்றொன்பது வாங்கும் வகுப்பில் நூறு ஒன்றுக்கே மரியாதை என்பது போல, சந்தையின் பார்வை முழுவதும் 70-இன்மேல் குவிகிறது.

வெள்ளியில் வானவில்

உறைக்குள் போன பிறகும் காசு உறங்குவதில்லை. காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்கள் வெள்ளியோடு வினைபுரிந்து வெள்ளி சல்ஃபைடு என்ற மெல்லிய ஏட்டை உண்டாக்குகின்றன. ஏட்டின் மேற்பரப்பிலும் அடிப்பரப்பிலும் எதிரொளிக்கும் அலைகள் குறுக்கிட்டு, சில நிறங்களை வலுப்படுத்திச் சிலவற்றை அழிக்கின்றன. மழைநீரில் மிதக்கும் எண்ணெய்ப் படலத்தின் நிறங்களுக்கும் இதுவே காரணம். ஏடு தடிக்கத் தடிக்க இளம்பொன் நிறம், செம்மை, நீலம் என்று வண்ணங்கள் மாறும், இறுதியில் கறுப்பு. வண்ணம் அழகாக அமைந்தால் சேகரிப்போர் கூடுதல் விலை தருவர். திட்டுத்திட்டாகக் கறுத்தால் விலை குறையும். வேதிவினை ஒன்றே, வரவும் செலவும் வேறு!

செம்பு இன்னும் பொல்லாதது. ஓர் எச்சில் துளி பட்ட இடம்கூடச் சில காலம் கழித்துக் கரும்புள்ளியாகும். 1963-ஆம் ஆண்டின் ப்ரூஃப் தொகுதிகள் முப்பது லட்சத்துக்கு மேல் விற்கப்பட்டன. அவற்றிலுள்ள ஒரு சென்ட் காசு மிகச் சாதாரணமானது. ஆயினும் 70 என்று தரமிடப்பட்ட ஒரு காசு இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏலத்தில் 39,000 டாலருக்கு மேல் விலை போயிற்று. அந்த விலையின் பெரும்பகுதி, ஒரு புள்ளி இல்லாமைக்கு! புள்ளி எந்நாளும் தோன்றலாம். 2010 முதல் பி.சி.ஜி.எஸ். நிறுவனம் தரமிடும் செம்புக் காசுகளின் நிறத்துக்கு உத்தரவாதம் தருவதில்லை. தூய வெள்ளிக் காசுகளிலும் பால் தெளித்தாற்போன்ற வெள்ளைப் புள்ளிகள் பின்னர் தோன்றுவதுண்டு. இதைத் தடுக்கக் கனடா நாணயச்சாலை 2018-இல் தன் வெள்ளிக் காசுகளின் பரப்புக்குத் தனிப் பாதுகாப்பு முறையைக் கொண்டுவந்தது.

ஒரு வெள்ளிக் கழுகின் கதை

அமெரிக்க அரசு 1986-இல் 'வெள்ளிக் கழுகு' என்ற காசை வெளியிடத் தொடங்கியது. ஒரு டிராய் அவுன்ஸ், அதாவது 31.1 கிராம், 99.9 விழுக்காடு வெள்ளி. முகமதிப்பு ஒரு டாலர். 1995-இல் தங்கக் கழுகு வரிசையின் பத்தாம் ஆண்டு நிறைவுக்காக, நான்கு தங்கக் காசுகளோடு வெஸ்ட் பாயின்ட் நாணயச்சாலையின் 'டபிள்யூ' குறியிட்ட ஒரு வெள்ளிக் கழுகையும் சேர்த்துத் தொகுதியாக விற்றார்கள். தங்கத்தின் விலைக்கு அஞ்சிப் பலர் வாங்கவில்லை; 30,125 தொகுதிகளே போயின. ஆகவே அந்த வெள்ளிக் காசு வரிசையில் இல்லாவிட்டால் எவர் சேகரிப்பும் நிறைவு பெறாது. வரிசையை நிறைவு செய்யும் ஆசை, விலையை ஏற்றும் பெரிய விசை. இணையத்தில் தரமிடும் நிறுவனங்கள் நடத்தும் சேகரிப்புப் போட்டிகள் இவ்விசையை இன்னும் பெருக்கின. தொகுதியின் சராசரி எண்ணை உயர்த்த ஒவ்வொரு காசும் 70 ஆக வேண்டுமல்லவா?

2013-இல் 70 தரம் பெற்ற ஒரு 1995 டபிள்யூ காசு 86,000 டாலரைத் தாண்டி விலை போனது. அப்போது பி.சி.ஜி.எஸ். உறையில் 70 பெற்றவை மிகச் சில. அந்தச் செய்தி கேட்டதும் மற்றவர்கள் என்ன செய்வார்கள்? பெட்டியில் உறங்கிய காசுகளையெல்லாம் தரமிட அனுப்பினார்கள். 70 பெற்றவை பன்மடங்காயின. சில ஆண்டுகளில் விலை அந்த உச்சத்தின் நான்கில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிற்று. உயர்ந்த விலையே தன்னைக் கீழே இழுக்கும் விசையைப் பிறப்பித்தது.

ஒரே திசையில் ஓடும் பிழை

இதில் அளவியல் பாடம் ஒன்று அடங்கியுள்ளது. எங்கள் ஆய்வகத்தில் ஒரே கம்பியின் விட்டத்தைப் பத்து மாணவர்கள் திருகு அளவியால் அளந்தால் பத்தும் ஒன்றாக வருவதில்லை. சில கூடும், சில குறையும். சராசரி எடுத்தால் பிழைகள் ஒன்றையொன்று ஈடுசெய்யும். தரமிடுவதிலும் இப்படித்தான். 69-க்கும் 70-க்கும் எல்லையில் நிற்கும் காசு இன்று 69 பெறும். வேறொரு நாள் 70 பெறும். 1990-இல் கணினியைக் கொண்டு தரமிடும் முயற்சியும் நடந்தது, நிலைக்கவில்லை. இன்றும் மனிதக் கண்ணே நீதிபதி.

ஆனால் சந்தையில் சராசரி எடுப்பாரில்லை. 70 பெற்றவர் பேசாமல் வைத்துக்கொள்கிறார். 69 பெற்றவர் உறையை உடைத்து மீண்டும் அனுப்புகிறார். எல்லையில் நிற்கும் ஒரு காசு ஒவ்வொரு முறையும் 70 பெற ஐந்தில் ஒரு வாய்ப்பு இருப்பதாகக் கொள்வோம். ஒரு முறை அனுப்பினால் 20 விழுக்காடு. மூன்று முறை அனுப்பினால், மூன்றிலும் தவறும் வாய்ப்பு 0.8 × 0.8 × 0.8 = 0.512. ஆகவே ஏதாவதொரு முறை 70 பெறும் வாய்ப்பு 48.8 விழுக்காடு! காசு மாறவில்லை, முயற்சி மட்டும் கூடியது. பிழை ஒரே திசையில் ஓடுகிறது. இதனால் நிறுவனங்கள் வெளியிடும் 'இத்தனை காசு இத்தனை தரம்' என்ற பட்டியலும் கலங்குகிறது. உடைத்த உறையின் சீட்டைத் திருப்பி அனுப்பாவிட்டால் ஒரே காசு பலமுறை எண்ணப்படும்.

விலையின் எல்லையையும் இவ்வாறே கணக்கிடலாம். தரமிடாத புதுக்காசு 30 டாலர், தரமிடும் கட்டணம் 20 டாலர், ஐந்தில் ஒன்று 70 பெறும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து காசுக்குச் செலவு 250 டாலர். நான்கு 69-களை 40 டாலர் வீதம் விற்றால் 160 டாலர் திரும்பும். ஆக, ஒரு 70-ஐ 'உற்பத்தி' செய்ய 90 டாலர். அது சந்தையில் 600 டாலருக்கு விற்றால் வணிகர்கள் உற்பத்தியைப் பெருக்குவார்கள். விலை 90-ஐ நோக்கி இறங்கும். தரமிடாத காசு தாராளமாகக் கிடைக்கும்வரை 70-இன் விலை இந்தச் சமநிலையிலிருந்து நெடுங்காலம் விலகி நிற்க முடியாது. ஆகவே, 'இன்று 70 எத்தனை உள்ளன' என்ற கேள்வியைவிட, 'இன்னும் எத்தனை 70 வரக்கூடும்' என்ற கேள்வியே முக்கியம்.

சீட்டுக்கும் விலை

கடைசியாக, காசோடு தொடர்பே இல்லாத சில காரணங்கள். எந்த நிறுவனம் தரமிட்டது என்பது ஒன்று. எண் ஒன்றானாலும் நம்பிக்கை வேறு, விலை வேறு. 2007-இல் தொடங்கிய சி.ஏ.சி. என்ற அமைப்பு, பிறர் தரமிட்ட காசுகளை மீண்டும் பார்த்து, அந்தத் தரத்துக்கு ஏற்றவை எனத் தேர்ந்தவற்றின்மேல் பச்சை ஒட்டுச்சீட்டு ஒட்டத் தொடங்கியது. தேர்வுக்குமேல் தேர்வு! 'முதல் வெளியீடு' என்றெல்லாம் சீட்டில் அச்சிட்டும் விலை ஏற்றுகிறார்கள். இதன் பொருள் வெளியான முதல் சில வாரங்களில் காசு வந்து சேர்ந்தது என்பதுதான். எது முதலில் அடிக்கப்பட்டது என்ற பதிவை அமெரிக்க நாணயச்சாலை வைப்பதில்லை. 2008 வாக்கில் காசோடு உறையையும் போலியாகச் செய்யும் கூட்டம் தலைகாட்டியது. உறையின் எண்ணை நிறுவனத்தின் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பது இன்று இன்றியமையாத வழக்கமாகிவிட்டது.

நாம் பெறும் பாடம்

இன்று நம் நாட்டிலும் உறையிட்ட காசுகளைச் சேமிப்பு என்று சொல்லி விற்போர் உண்டு. விலை கொடுக்குமுன் உங்களை நீங்களே கேட்டுக்கொள்ள வேண்டியவை சில: உருக்கினால் இதில் என்ன மிஞ்சும்? எத்தனை அடித்தார்கள் என்பதல்ல, எத்தனை நல்ல நிலையில் மிஞ்சியுள்ளன? தரமிடாமல் பெட்டிகளில் உறங்குபவை எத்தனை? இந்த உலோகம் பத்தாண்டு கழித்தும் இப்படியே இருக்குமா? சீட்டிலுள்ள எண்ணை மூடிவிட்டுப் பார்த்தால், இந்தக் காசை நான் விரும்புவேனா? கடைசிக் கேள்விக்கு 'ஆம்' என்றால், விலை விழுந்தாலும் உங்கள் கையில் ஓர் அழகிய பொருள் இருக்கும். 'இல்லை' என்றால், நீங்கள் வாங்குவது காசை அன்று. வேறொருவர் சொன்ன எண்ணை.

எந்தக் கருவியும் தன் மீச்சிற்றளவைவிட நுட்பமான வேறுபாட்டைச் சொன்னால் அதை நம்பக்கூடாது என்று முதலாண்டு மாணவர்களுக்குச் சொல்லித்தருகிறோம். ஐந்து மடங்கு உருப்பெருக்கியின்கீழ் ஒரு மனிதக் கண் சில நொடிகளில் காணும் வேறுபாட்டின்மேல் ஆயிரக்கணக்கான டாலரை அடுக்குகிறது சந்தை. அந்த அடுக்கு நிற்கும்வரை நிற்கும். அடித்தளத்தில் இருப்பது உலோகமா, அருமையா, அல்லது அடுத்தவரின் ஆசையா என்று பார்த்துக்கொள்வது வாங்குபவரின் பொறுப்பு.